சாட்சிக்கு ஒரு நாற்காலி

தெய்வசிகாமணிக்கு நாற்காலி போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள், காவல் நிலையமாகவே இருக்கட்டும், வந்திருப்பவர் கெமிக்கல் இன்ஜினியர், சாயப்பட்டறைச் சங்கத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மேலாளர், ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முன்வரிசையில் இடம் ஒழித்துத் தரப்படுகிறவர். தலைமைக் காவலர் தன்னுடைய நாற்காலியையே தூக்கிவந்து, உட்காருமிடத்தைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டி, "உக்காருங்க சார், இன்ஸ்பெக்டர் இப்ப வந்துருவாருங்க" என்றார். எதிரே சுவரோரம் வெறுந்தரையில் ஒருவன் குந்தியிருந்தான். செவத்தான் என்று பெயராம், ஆடு திருடினானாம், ஒற்றை ஆடு, அதையும் சந்தைக்குக் கொண்டுபோகத் தெரியாமல் பஸ் ஸ்டாப்பிலேயே மாட்டிக்கொண்டானாம். இதையெல்லாம் கேட்காமலேயே தலைமைக் காவலர் சொல்லிவிட்டுப் போனார், விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல. அவனை எதற்குப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டாம், சுவரில் நாட்காட்டி இருக்கிறது, அதைப் பார்க்கலாம். ஆனால் காதை எங்கே திருப்புவது? உள்ளே லாக்கப்பிலிருந்து இருமல் வந்தது. மாரப்பனுடைய இருமல்தான், ஆயிரம் பேர் இருமினாலும் அதைத் தனியே பிரித்துவிடலாம், அமிலத் தொட்டியின் பக்கத்திலேயே நின்று நின்று தொண்டையில் குடிவந்த இருமல். நேற்றுப் பொழுதோடு பிடித்தார்கள், இன்று கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள், அதற்குள் தெய்வசிகாமணி ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சாயக்கழிவை நேரே ஆற்றுக்கு விடுகிற பைபாஸ் வால்வை ஆபரேட்டர் மாரப்பன் தன்னிச்சையாகத் திறந்துவிட்டான், நிர்வாகத்துக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். வக்கீல் குணசீலன் நல்ல தாளில் தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்று யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கட்டும், அவருக்கென்ன. பயப்பட எனக்குந்தான் என்ன இருக்கிறது என்று தெய்வசிகாமணி காலை நீட்டிக்கொண்டார். சாட்சி சொல்ல வந்தவர் காலை நீட்டலாம். யாராவது என்னைத் திருடன் என்று சொல்லிவிட முடியுமா, சொல்லட்டும் பார்க்கலாம், எவனுக்கு வாய் இருக்கிறது இந்த ஊரில். சென்னையில் சமூகவியல் படிக்கிற பெண்ணுக்குத்தான் வாய் நீளம். முந்தாநாள் டிவியில் ஊர்ச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போன் செய்து, "அப்பா, எங்க பாடத்துல இதுக்குப் பேரே இருக்குதுப்பா, படிச்சுப் பதவியில இருக்கறவங்க பண்றது, வெள்ளைக்காலர் குற்றம்னு" என்றாள். வெள்ளைக் காலராம்! சாயத்தில் முக்கியெடுத்த ஊரில் வெள்ளைக் காலரை எங்கே போய்த் தேடுவாள்? ஆனாலும் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. வெள்ளைச் சட்டைதான். தினமும் வெள்ளைதான். வனஜா இஸ்திரி போட்டு மாட்டி வைப்பாள், இன்றைக்கும் மாட்டி வைத்தாள், வரும்போது தயிர் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற புருஷனிடம் தயிர் வாங்கி வரச் சொல்கிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு நிச்சயம் பாருங்கள், இவரை ஒருவரும் ஒன்றும் செய்துவிட மாட்டார்கள் என்று. பெண் அத்தோடு விட்டாளா? "இத மாதிரி பண்றவங்க யாருமே தங்களைக் குத்தவாளின்னு நெனைக்கறதில்லையாம்ப்பா. ஊரும் நெனைக்காதாம். திருடன்னா அவங்களுக்கு வேற ஆளு, வேற சாதி, வேற தெரு." இவர் படக்கென்று போனை வைத்துவிட்டார். ஃபீஸ் கட்டி அனுப்பினால் பாடம் அப்பனுக்கே நடத்துகிறாள். எந்தப் பணத்தில் கட்டிய ஃபீஸ்? சரி, அந்தப் பக்கம் போக வேண்டாம். போனை வைத்த பிறகும் அவள் சொன்னது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள்போல நாக்கை அங்கேயே இழுத்துக்கொண்டிருந்தது.

குற்றம் என்று ஒருநாளும் ஒருவரும் சொன்னதில்லையே. சத்தியமாகச் சொன்னதில்லை. பேச்சில் அந்தச் சொல்லே கிடையாது. பிரச்சனை என்பார்கள், சமாளிப்பது என்பார்கள், அனுசரித்துப் போவது என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவருக்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பந்தியில் புதிதாக உட்கார்ந்தவன் பக்கத்து இலையைப் பார்த்து எதை எதோடு பிசைவது என்று தெரிந்துகொள்கிறானே, அப்படித்தான். விவசாயியைவிட அதிகமாக மழைக்கு ஏங்குகிற ஊர் இது என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. சாயக்கழிவுத் தொட்டிகள் நிறைந்துவிடும், சுத்தம் செய்து மாளாது, செய்தால் கட்டுப்படி ஆகாது, ஆகவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை வந்து ஆறு புரண்டால் சாயத்தைத் திறந்துவிடலாம், வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கிழக்கே போய்விடும், காலையில் ஆறு கழுவிவிட்ட வாசல் மாதிரி இருக்கும். கிழக்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற வழக்கம் இல்லை. அதற்கு ஒரு முறை இருந்தது. ஷிஃப்டில் இருக்கிற ஆபரேட்டர் போன் செய்து, "சார், வானம் கட்டியிருக்குதுங்க" என்பான். இவர் "சரி" என்பார். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் திற என்று இவர் வாயால் சொன்னதே இல்லை. வானம் கட்டியிருக்கிறது என்று ஒருவன் சொன்னால் சரி என்று சொல்வது எந்தச் சட்டத்தில் குற்றம், சொல்லுங்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள். பனியன் வாங்க வந்த வெளிநாட்டுக்காரன் கக்கூஸில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தான், தீயணைப்பு வாளியை எண்ணினான், ஆற்றுப் பக்கம் ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை, விலையை மட்டும் இன்னும் குறைக்கச் சொன்னான். கோயில் கோபுரத்துக்கு அடித்திருக்கிற வர்ணம் யாருடையது? பள்ளிக்கூடத்துக் கட்டடம்? தீபாவளிக்கு ஊரே போனஸ் வாங்கித் துணி எடுத்ததே, அது? எல்லாரும் சேர்ந்து இழுத்த தேர். அச்சு முறிந்தால் மட்டும் சக்கரத்தில் கட்டை போட்டவனைப் பிடிப்பீர்களா?

அந்தக் கடைசிக் கேள்வி கேட்டிருக்க வேண்டாம். கட்டை போட்டவன் உள்ளே இருமினான். வால்வைத் திறந்த அன்று சாயங்காலம் அவன் போன் செய்தபோது தெய்வசிகாமணி மேடையோரம் நின்றிருந்தார். சுற்றுச்சூழல் சேவைக்காக விருது, சிரிக்காதீர்கள், நிஜமாகவே விருதுதான், ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம் ஒன்று வருஷாவருஷம் யாருக்காவது சால்வை போர்த்தியாக வேண்டுமே. டாக்டர் இருந்தார், ஓய்வுபெற்ற நீதிபதி இருந்தார், பட்டறை முதலாளிகள் இருந்தார்கள், முன்வரிசையில் இன்ஸ்பெக்டர்கூட இருந்தார். "சார், வானம் கட்டியிருக்குதுங்க" என்றான் மாரப்பன். "சரி" என்றார். அவன் போனை வைக்கவில்லை. வைத்திருக்கலாம் பாவி. "ஆனா சார், காத்து மேக்கயிருந்து தள்ளுதுங்க. கலஞ்சு போயிருமாட்ட இருக்குதுங்க. காலைல பாத்துக்கலாங்களா?" தொட்டி விளிம்பைத் தொட்டுவிட்டது என்று சாயப்பட்டறைச் சங்கத் தலைவர் மத்தியானத்திலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தார், ஒலிபெருக்கியில் இவருடைய பெயரை வாசித்துவிட்டார்கள், கைதட்டல் தொடங்கிவிட்டது, ஒரு ஆபரேட்டர் நின்று வானிலை வாசிக்கிறான். சுள்ளென்று கோபம் வந்தது. "சொன்னதச் செய் மாரப்பா. தெறந்து விடு." சொல்லிவிட்டார். ஒருநாளும் சொல்லாத சொல்லை, சால்வைக்குக் குனிவதற்கு முன்னால், வாய் நிறையச் சொல்லிவிட்டார். மேகம் அவன் சொன்ன மாதிரியே கலைந்து மலைப்பக்கம் போய் எங்கோ கொட்டிற்று. இங்கே ஒரு பொட்டு இல்லை.

வறண்ட ஆற்றில் சாயத்தண்ணீர் போக வழியில்லாமல் மணற்குழிகளில் சிவப்பாக நின்றது. கோடையில் தண்ணீரைக் கண்ட ஆடு நிறம் பார்க்குமா? குப்பாயி என்கிற கைம்பெண்ணின் பட்டி ஆடுகள், மொத்தப் பட்டியும், விடிந்ததும் இறங்கிக் குடித்துவிட்டன. காலையில் இவர் காரில் பாலத்தின்மேல் போய் நின்றார், கண்ணாடியை இறக்கவில்லை. கரையெல்லாம் கிடந்தன. வாயோரம் ரோஸ் நிறமாக இருந்தது, குழந்தைகள் ஐஸ் தின்றதுபோல. குப்பாயி அழவில்லை, ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இழுத்து நிழலில் போட்டுக்கொண்டிருந்தாள், இனி நிழல் எதற்கு அவற்றுக்கு. இவர் வீட்டுக்கு வந்தார், கை கழுவினார், இட்லி சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். இரண்டாம் தரம் சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கே சுற்றினாலும் மனசு வந்து இடறுவது அந்தச் சட்னியில்தான், ஆட்டில்கூட இல்லை. எப்படி இறங்கிற்று தொண்டையில்? பிறகு குப்பாயி செத்த ஆடுகளை மெயின் ரோட்டில் கொண்டுவந்து கிடத்தி நடுவில் உட்கார்ந்துகொண்டாள், பஸ் நின்றது, டிவிக்காரர்கள் வந்தார்கள், யாரையாவது பிடித்தாக வேண்டியதாயிற்று. மாரப்பனைப் பிடித்தார்கள். "ஆளு நல்லவனுங்க சார்" என்று குணசீலன் இன்று காரில் வரும்போது சொன்னார், "யார் சொல்லித் தெறந்தேன்னு ராத்திரி பூரா கேட்டிருக்காங்க, நாந்தான் தெறந்தேங்கறான், வேற ஒரு வார்த்தை வரலீங்க. நமக்கு வேலை சுலபம்." கேஸ் நிற்பதற்காக வாக்குமூலத்தில் ஒரு சின்ன வரி சேர்த்திருக்கிறாராம். தெய்வசிகாமணி மடியிலிருந்த தாளைப் பார்த்தார். 'சம்பவத்தன்று குடிபோதையில் இருந்த ஆபரேட்டர்.' மாரப்பன் குடிக்கிறவனில்லை. சங்கத்து ஆயுதபூஜையில் எல்லாரும் ஊற்றிக்கொண்டு ஆடும்போது பொரிகடலைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன். ஒருவனை ஜெயிலுக்கு அனுப்புவதே போதாதா, குடிகாரனாக வேறு அனுப்ப வேண்டுமா? தூ, என்றிருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"ஏனுங், சாரு என்ன கேசுங்க?" என்றான் செவத்தான். தரையிலிருந்து நேராக இவரைப் பார்த்துத்தான் கேட்டான். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரனை விசாரிப்பதுபோல சாதாரணமாகக் கேட்டான். தெய்வசிகாமணி வாயைத் திறப்பதற்குள் தலைமைக் காவலர் ஓடிவந்து அவன் பிடரியில் ஒன்று வைத்தார். "கேசா? அவரு யாருன்னு தெரியுமாடா நாயே? சாட்சி சொல்ல வந்திருக்கறாரு." இவரிடம் திரும்பி, "இந்த ஜனமே இப்படித்தானுங் சார், ரத்தத்துல ஊறுனது, ஒரு ஆடு கட்டியிருந்தா கை சும்மா இருக்காது" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டே டீ கிளாஸை நீட்டினார். ஒரு ஆடு. தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாய்விட்டுச் சிரிக்கவில்லை, வயிற்றுக்குள் என்னவோ குலுங்கிற்று. ஒரு ஆட்டுக்குப் பிடரியில் அடி, ஒரு பட்டிக்கு டீ. ஆறு முழுவதற்கும் சால்வை. ரத்தத்தில் ஊறியதாம், எங்கள் ரத்தத்தில் என்ன ஊறியிருக்கிறது, எடுத்துச் சோதித்துப் பாரேன், ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாகத்தான் வரும், வரவைத்துவிடுவோம். நான் ஏன் கோபப்படுகிறேன்? அடித்தது என்னை இல்லையே. என்னை அடிக்கவே மாட்டார்கள் என்பதற்காகவா ஒருவனுக்குக் கோபம் வரும்? வந்தது. டீயைக் குடிக்காமல் கிளாஸைக் காலடியில் வைத்தார். அது சூடாகவும் அளவுச் சர்க்கரையோடும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அப்போதுதான் மயிலாத்தாள் வந்தாள், மாரப்பனின் மனைவி, தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு. இவரைக் கண்டதும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டாள். "சார், நீங்களே வந்துட்டீங்களா" என்று முகமெல்லாம் மலர்ந்து போசியைக் கீழே வைத்துக் கும்பிட்டாள். "காருல எறங்கறதப் பாத்தனுங்க. பின்னால சன்னல் வழியா அவருகிட்டயும் சொல்லிட்டனுங்க, சார் வந்துட்டாருன்னு. ராத்திரிப் பூரா ஒண்ணும் திங்கலையாமாங்க. இனித் திம்பாருங்க." இவர் கையிலிருந்த தாளை அவள் பார்த்தாள், அவனை வெளியே எடுக்கிற தாள் என்று நினைத்துக்கொண்டாள்போல, அதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு. தெய்வசிகாமணிக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எதற்கடி கும்பிடுகிறாய், என்ன கண்டாய் என்னிடம், உன் புருஷன் காற்றைப் பார்த்துச் சொன்னான், நான் மேடையைப் பார்த்துச் சொன்னேன், கும்பிடுகிறாளாம். அவன் வாய் திறக்காமல் இருக்கிறானே, அது பயமா? பயமில்லை. சார் பார்த்துக்கொள்வார். இந்த ஊரையே கட்டி நிறுத்தியிருக்கிற வாசகம் அதுதான், கோபுரமும் பள்ளிக்கூடமும் அதன்மேல்தான் நிற்கின்றன. மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று கீழே இருப்பவன் திறப்பான், கீழே இருப்பவன் திறந்தான் என்று மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். எத்தனை அழகான ஏற்பாடு. இதற்கு நான்தான் கிடைத்தேனா? போட மாட்டேன். அந்தச் சொல் உள்ளே எழும்பியதும் தெய்வசிகாமணிக்கே திக்கென்றது. வீட்டுக் கடன், பெண்ணின் படிப்பு, வனஜாவின் முகம், கல்யாண மண்டபத்தின் முன்வரிசை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. விழட்டும். போட மாட்டேன் என்றால் மாட்டேன். தலைமைக் காவலர் போசிச் சோற்றைக் கிண்ணத்தில் வாங்கி உள்ளே கொடுத்திருந்தார், கை வைத்துப் பிசைகிற சத்தம் கேட்டது. அவன் சாப்பிடத் தொடங்கிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "வணக்கம் சார், வெயிட் பண்ண வச்சுட்டேனா?" என்று கை கொடுத்தார். குணசீலன் பின்னாலேயே வந்து பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். தெய்வசிகாமணி எழுந்து நின்றார். "இதுல எழுதியிருக்கறது பொய்ங்க. மாரப்பன் குடிக்க மாட்டான். வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் தெறக்கச் சொன்னேன்" என்றார். தன் குரல் இத்தனை பெரிதாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு அன்பாகச் சிரித்தார். "டென்ஷன் ஆகாதீங்க சார், உக்காருங்க. உங்களப் போல மனுசங்களுக்கு இந்த எடமெல்லாம் பழக்கமில்ல, அதான்." குணசீலன், "சாருக்குச் சுகர் இருக்குதுங்க, காலைல சாப்பிடல போல" என்று தோளைப் பிடித்தார். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது, சுகர்தான், வேறென்ன. தெய்வசிகாமணி தோளை உதறினார். "இட்லி சாப்பிட்டேன். நல்லாச் சாப்பிட்டேன். எனக்குச் சுகர் கெடையாது. எழுதுங்க." "இங்க போலீசுகிட்டச் சொல்றது கோர்ட்ல நிக்காதுங்க சார், எதுக்குச் சிரமம்" என்றார் குணசீலன். "அப்ப என்னையே கோர்ட்ல கொண்டுபோய் நிறுத்துங்க, அங்கயும் இதத்தான் சொல்லுவேன்." செவத்தான் கீழிருந்து கெக்கெக்கென்று சிரித்தான். "எழுதிக்கங்க சார், நாஞ் சொல்லாததையே எத்தன எழுதியிருக்கீங்க." இந்தமுறை அவனை யாரும் அடிக்கவில்லை.

"சார்" என்றார் இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தி, "போய் ரெஸ்ட் எடுங்க. தலைவர் உங்க மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்கறாருன்னு எனக்குத் தெரியும்." என்ன செய்தால் இந்த மரியாதை தொலையும் என்று தெய்வசிகாமணி தேடினார். ஒருவன் தன் வாயால் சொல்கிறான், அதையும் நம்ப மாட்டேன் என்கிறார்களே, சட்டை அவ்வளவு வெளுப்பாகவா இருக்கிறது? "தலைவருக்குத் தெரியுமுங்க" என்றார் நிறுத்தி நிறுத்தி. "வருஷக்கணக்கா, மழை வந்த ராத்திரியெல்லாம் தெறந்தோம். சங்கத்துல அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குச் சால்வை போட்ட அன்னிக்கி முன்னால உக்காந்து கை தட்டுனீங்களே, உங்களுக்கும் தெரியும். அதையும் எழுதோணும்." குணசீலன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். மயிலாத்தாள் ஒன்றும் விளங்காமல் காலிப் போசியின் காதைப் பிடித்தபடி நின்றாள், ஏதோ நல்லது நடக்கிறதா கெட்டது நடக்கிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இன்ஸ்பெக்டரின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், தலைமைக் காவலரைப் பார்த்து, "இவனையும் எழுது" என்றார். தலைமைக் காவலர் தயங்கினார், அவர் தம்பிக்குச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை போட்டுக் கொடுத்ததே தெய்வசிகாமணிதான். பிறகு நோட்டைப் பிரித்தார், நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"பேரு?"

"தெய்வசிகாமணி."

"அப்பன் பேரு?"

"ராக்கியண்ணன்."

"தொழில்?"

"ஆத்துல சாயத்தண்ணி தெறந்து விடறது" என்றார் தெய்வசிகாமணி. "அப்படியே எழுதுங்க."